பழநிக்கு முதல் முறை: அம்மாவுக்கு முழங்கால் வலி, பாப்பாவுக்கு மொட்டை

18.11.2024, இரவு 9.40 (கேள்வி)

ஓசூரிலிருந்து பழனிக்குப் போக வேண்டும். முதல் முறை. நான், மனைவி, மூன்று வயதுப் பெண், அம்மா. அம்மாவுக்கு 66 வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம். பாப்பா பிறந்தபோது உடம்பு சரியில்லாமல் போய் அம்மா வேண்டிக்கொண்டது, அதனால் மொட்டை அங்கேதான். டிசம்பர் கடைசியில் எனக்கு விடுமுறை. தைப்பூசமும் இல்லை, பங்குனி உத்திரமும் இல்லை, கூட்டம் இருக்காது. ரோப் காரில் ஏறி ரோப் காரிலேயே இறங்கி மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்று கணக்கு. சரிதானா?

18.11.2024, இரவு 10.25

சரியில்லை தம்பி.

டிசம்பர் என்றால் கார்த்திகையும் மார்கழியும். சபரிமலைக்கு மாலை போட்ட சாமிகளில் பாதிப் பேர் போகும்போதோ வரும்போதோ பழநியில் இறங்காமல் போவதில்லை. வேன் வேனாக வருவார்கள். அதோடு அரையாண்டு விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். நீங்கள் சொல்லும் அந்தக் கடைசி வாரம் பூசத்துக்குத் தங்கச்சி மாதிரி.

நான் தாராபுரம். பழநி எங்களுக்கு முப்பது சொச்சம் கிலோமீட்டர். வருஷத்தில் நாலைந்து தடவை போகிறவன் என்ற தகுதியில் சொல்கிறேன், மற்றபடி பெரிய பக்திமான் எல்லாம் இல்லை.

19.11.2024, காலை 6.50

நேற்றுத் தூக்கத்தில் எழுதியது. இப்போது விரிவாக.

பழநியில் நேரம் போவது சந்நிதியில் இல்லை, மலை ஏறும் வரிசையில். வெளியூர்க்காரர்கள் இதை யோசிப்பதே இல்லை. திருப்பதிக் கணக்கைக் கொண்டுவந்து இங்கே போடுவார்கள், தரிசனச் சீட்டு, சிறப்பு வழி என்று. இங்கே மலை சின்னது. 150 மீட்டர் உயரம்தான் இருக்கும். கால் நன்றாக இருப்பவர்கள் நின்று நின்று ஏறினாலும் முக்கால் மணி நேரம் போதும். ரோப் காரில் மேலே போக மூன்று நிமிடம், வின்ச்சில் எட்டு நிமிடம் என்பார்கள். அந்த மூன்று நிமிடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

ரோப் கார் 2004-ல் வந்தது. தினமும் மதியம் ஒன்றரையிலிருந்து ஒரு மணி நேரம் பராமரிப்புக்கு நிறுத்துவார்கள். மாதத்தில் ஒரு நாள் நிறுத்துவார்கள். வருஷத்துக்கு ஒரு முறை வாரக்கணக்கில் நிறுத்துவார்கள். காற்று பலமாக அடித்தால் கேட்கவே வேண்டாம், ஆடி மாதம் பாதி நேரம் தொங்கிக்கொண்டு நிற்கும். ஆக, ரோப் காரை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். வின்ச் என்பது தண்டவாளத்தில் கம்பி வடம் கட்டி இழுக்கும் பெட்டி. 1966-லிருந்து ஓடுகிறது. இப்போது மூன்று தடம். எங்கள் வீட்டில் பாட்டி அதை "இழுவை" என்றுதான் கடைசி வரைக்கும் சொன்னார்.

உங்களுக்கு என் யோசனை: அம்மா வின்ச்சில் ஏறட்டும், இறங்கும்போது யானைப்பாதையில், அதாவது படிக்குப் பதிலாகச் சாய்வாகப் போகும் இன்னொரு பாதையில், மெதுவாக நடந்து இறங்கட்டும். இறங்குவது சுலபம்தானே. நீங்களும் மனைவியும் பாப்பாவும் படியில் ஏறுங்கள். 693 படி.

19.11.2024, காலை 7.05

படி எண்ணிக்கையை எழுதியதும் ஒருவர் 697 என்கிறார், இன்னொருவர் 689 என்கிறார். நான் சின்ன வயதில் கேட்டது 693. எண்ணியது இல்லை.

19.11.2024, இரவு 8.15

மேலே எழுதியதில் பெரிய தப்பு ஒன்று. வீட்டுக்காரி படித்துவிட்டு, "மூட்டு வலிக்காரருக்கு ஏறுவதா கஷ்டம், இறங்குவதா?" என்று கேட்டாள். இறங்கும்போதுதான் உடம்பு பாரம் முழுக்க முழங்காலில் விழுகிறது. எனக்கே தெரிந்த விஷயம். எங்கள் வீட்டு மாடிப்படியில் தினமும் பார்க்கிறேன்.

ஆகவே மாற்றுங்கள். அம்மாவுக்கு முடிந்தால் யானைப்பாதையில் நடந்து ஏறட்டும், இறங்க வின்ச் பிடியுங்கள். முடியாது என்றால் இரண்டுக்கும் வின்ச். யானைப்பாதை படியை விடச் சாய்வு குறைந்தது, வளைந்து வளைந்து போகும், நிழல் உண்டு. தூரம் கூடுதல்.

22.11.2024, இரவு 11.10

இதைச் சொல்லலாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

2016-ல் என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு அப்போது 71. நானே முடிவு செய்துவிட்டேன், அம்மாவால் நடக்க முடியாது, வின்ச்தான் என்று. கார்த்திகை நட்சத்திரம் என்பதைப் பார்க்காமல் போய்விட்டேன். வரிசையில் மூன்று மணி நேரம். உட்கார இடம் கிடைத்தால் ஐந்து நிமிடம் உட்காருவார், வரிசை நகர்ந்தால் எழுந்திருப்பார். உட்கார்ந்து எழுவதுதான் அவருக்கு இருப்பதிலேயே வலி. பாதி வரிசையில் சொன்னார், "நான் யானைப்பாதையிலே ஊர்ந்து போயிருந்தாக்கூட இந்நேரம் முருகனைப் பார்த்திருப்பேன்டா." நான் கோபப்பட்டேன். உங்களுக்காகத்தானே நிற்கிறோம் என்று.

மேலே போய்ச் சேர்ந்தபோது சாமியைப் பார்க்கிற தெம்பு அவருக்கு இல்லை. தூணோரமாக உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் அவர் பழநி வரவில்லை. 2019-ல் போய்விட்டார்.

அதனால் உங்கள் அம்மாவிடமே கேளுங்கள், நடக்கிறாரா நிற்கிறாரா என்று. நீங்கள் முடிவு பண்ணாதீர்கள்.

23.11.2024, காலை 9.30

இரவு கொஞ்சம் கனமாகிவிட்டது. செல்போன் விஷயத்துக்கு வருவோம், இதுதான் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம்.

2023 அக்டோபர் 1 முதல் மலைக் கோயிலில் செல்போன் கூடாது. கீழேயே ஒப்படைத்து டோக்கன் வாங்க வேண்டும். படிப்பாதை, வின்ச் நிலையம், ரோப் கார் நிலையம் என ஒவ்வொன்றிலும் தனித்தனி இடம். புரிகிறதா? படியில் ஏறி ரோப் காரில் இறங்கினால் நீங்கள் ஒரு பக்கம், போன் மலைக்கு இன்னொரு பக்கம். போன வருஷம் நான் செய்தேன். என் போன் படிப்பாதை தொடங்கும் பாத விநாயகர் பக்கம், நான் ரோப் கார் வாசலில், மனைவியும் பையனும் எங்கே என்று தெரியவில்லை. அவர்களிடமும் போன் இல்லை. வெயிலில், மலையைச் சுற்றிப் போகும் கிரிவீதியில் நடந்தேன். எல்லாரும் கிரிவலம் என்று நினைத்துக் கும்பிட்டு வழிவிட்டார்கள்.

நான் அம்மாவுக்குச் சொன்ன திட்டமே, நடந்து ஏறி வின்ச்சில் இறங்குவது, இதில் இடிக்கும். இரண்டு வழி உண்டு. போனைத் தங்கும் அறையில் வைத்துவிட்டு வாருங்கள். அல்லது எல்லாப் போனையும் ஒரே இடத்தில் கொடுத்துவிட்டு, இறங்கியதும் எந்த இடத்தில் கூடுவது என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். கையில் ஒரு கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள், ரொம்ப நாளாகக் கட்டாத கடிகாரம் ஏதாவது அலமாரியில் இருக்கும்.

இன்னொன்று. கிரிவீதிக்குள் இப்போது தனியார் வண்டி விடுவதில்லை, நீதிமன்ற உத்தரவு. கோயில் பேட்டரி வண்டிகள் சுற்றுகின்றன, காசு கிடையாது. வண்டியைத் தள்ளி நிறுத்தும்போதே யாராவது ஓடிவந்து "நான் கூட்டிட்டுப் போறேன் சார், தேங்காய் பழத் தட்டு வாங்கிக்குங்க" என்பார். சிரித்துவிட்டு நடந்துகொண்டே இருங்கள்.

25.11.2024, மாலை 5.45

தம்பி கேட்ட இன்னொரு கேள்வி: குலதெய்வத்துக்கு முதல் மொட்டை போடாமல் பழநியில் போடலாமா?

இதில் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. எங்கள் பக்கம் முதல் முடி குலதெய்வத்துக்கு, இரண்டாவது பழநிக்கு. ஆனால் வேண்டுதல் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது முன்னால் நிற்கும் என்பார்கள் பெரியவர்கள். சில வீடுகளில் ஒரு கற்றை முடியை மட்டும் குலதெய்வத்துக்கு எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். நடுவழி, நல்ல வழி.

மொட்டைக்கு இப்போது கட்டணம் இல்லை, 2021-ல் எல்லாக் கோயிலிலும் எடுத்துவிட்டார்கள். முடிக்கொட்டகை அடிவாரத்திலேயே, சரவணப் பொய்கைப் பக்கம் உண்டு. குழந்தை அழும். தாய்மாமன் மடி என்று பிடிவாதம் பிடிக்காமல் யார் மடியில் அழுகை குறைகிறதோ அங்கே உட்கார வையுங்கள். முடி எடுத்ததும் குளிப்பாட்டித் தலை நிறையச் சந்தனம். அந்தச் சந்தன மொட்டையைப் பார்த்தால்தான் பழநிக்குப் போய்வந்த மாதிரியே இருக்கும். ஒரு தொப்பி எடுத்துப் போங்கள், சந்தனம் காய்ந்ததும் வெயில் சுரீர் என்று ஏறும்.

25.11.2024, மாலை 6.00

தொப்பி மேலே ஏறும்வரைதான். சந்நிதியில் கழற்றிவிடுங்கள். இதைச் சொல்ல வேண்டுமா என்று தோன்றியது, சொல்லிவிட்டேன்.

2.12.2024, இரவு 9.00

பழனியா பழநியா என்று இங்கே ஒரு சண்டை ஆரம்பித்திருக்கிறது. கோயிலில் பழநி என்று பார்த்துப் பழகியதால் நானும் அப்படி எழுதுகிறேன். பேருந்துப் பலகைகளில் பழனி என்றும் இருக்கும். வண்டி இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் நிற்கும்.

ஞானப்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு வந்த பிள்ளையிடம் "பழம் நீ" என்று சொன்னதால் பழநி என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. சங்கப் பாட்டில் இந்த ஊர் பொதினி. ஆவி என்ற வேளிர் குலத்தார் ஆண்ட இடம். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனும் அந்தக் குலம்தான். ஆவினன்குடி என்ற பெயரிலும் அந்த ஆவி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பார்கள்.

அதைச் சொல்லத்தான் வந்தேன். அடிவாரத்தில் இருக்கும் திருஆவினன்குடிக் கோயிலை விட்டுவிடாதீர்கள். மூன்றாம் படைவீடு என்று நக்கீரர் பாடியது அதைத்தான். மலைக்கு ஏறும் முன்னால் அங்கே கும்பிட்டுவிட்டு ஏறுவது முறை. மலையில் சாமி கையில் தண்டத்தோடு ஆண்டி, இங்கே மயில்மேல் குழந்தை. அம்மாவால் மலை ஏறவே முடியாமல் போனாலும் இந்தக் கோயில் தரையில் இருக்கிறது. எனக்கு 2016-ல் இது தோன்றியிருக்கலாம்.

11.12.2024, காலை 10.20

ஆண்டிக் கோலம் பார்த்தால் வீட்டில் ஆண்டித்தனம் வரும், ராஜ அலங்காரத்தில்தான் பார்க்க வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். எங்கள் அத்தையும் சொல்வார். சாயரட்சை, அதாவது மாலை ஐந்தரை வாக்கில் ராஜ அலங்காரம், அதற்காகவே அத்தை மதியம் மூன்று மணிக்கு மேல்தான் ஏறுவார். நான் காலையிலும் பார்த்திருக்கிறேன், மாலையிலும் பார்த்திருக்கிறேன். என் பாங்குக் கணக்கில் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை.

ஆனால் மாலையில் ஏறுவதற்கு வேறு காரணம் சொல்வேன். வெயில் இறங்கியிருக்கும், படிக்கல் சூடு ஆறியிருக்கும். பழநி முருகன் மேற்குப் பார்த்தவர். மேலே பிராகாரத்தில் நின்றால் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவது தெரியும். சாயரட்சை முடிந்து கொஞ்ச நேரத்தில் தங்கத் தேர் புறப்பாடு. பாப்பா அதைப் பார்த்தால் மொட்டை போட்ட கோபம் தீர்ந்துவிடும்.

அந்த மேற்குப் பார்வைதான் மலையாளத்துக்காரர்கள் இவ்வளவு பேர் வருவதற்குக் காரணம் என்றும் சொல்வார்கள், முருகன் பார்ப்பது அவர்கள் நாட்டை என்று. மலைக்கோயில் கட்டியது சேரமான் பெருமாள் என்பது தலபுராணம்.

தென்மேற்கு மூலையில் போகர் சமாதி. நவபாஷாணத்தால் சிலை செய்தவர் அவர் என்பது மரபு. அங்கே சத்தம் குறைவு, ஐந்து நிமிடம் உட்காரலாம்.

20.1.2025, இரவு 10.00

தம்பி தைப்பூசம் முடிந்த வாரக் கடைசியில், பிப்ரவரி 15, 16-ல் போகலாமா என்கிறார். பூசம் 11-ந் தேதி, செவ்வாய்க்கிழமை. முடிந்தால் கூட்டம் கலைந்துவிடும் என்று நினைக்கிறார். நானும் ஒரு காலத்தில் நினைத்தேன்.

பூசத்துக்கு வர முடியாதவர்கள் எல்லாம் அடுத்த வாரம்தான் வருவார்கள். எடப்பாடிக் காவடிகளும் பூசம் கழித்து வரும், ஆயிரக்கணக்கில். மலைமேல் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு மட்டும்தான் உண்டு. மேலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைவார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் முழங்கால் வலியோடும் மூன்று வயதுக் குழந்தையோடும் இல்லை.

மார்ச் நடுவில் ஒரு புதன்கிழமை பாருங்கள். பங்குனி உத்திரம் ஏப்ரல் 11. அதற்குப் பத்து நாள் முன்னாலேயே கொடுமுடியில் காவிரித் தண்ணீர் எடுத்துத் தீர்த்தக்காவடிகள் நடக்க ஆரம்பித்துவிடும். அதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். கார்த்திகை, சஷ்டி, ஞாயிறு, செவ்வாய் வேண்டாம்.

2.2.2025, காலை 6.15

எங்கள் தெரு வழியாகப் பாதயாத்திரை போய்க்கொண்டிருக்கிறது. நேற்று இரவு முழுக்க அரோகரா. பச்சை வேட்டி, முதுகில் ஒளிரும் பட்டை, தோளில் போர்வை. ஈரோட்டுப் பக்கத்து ஆட்கள். எதிர்வீட்டில் மோர் ஊற்றுகிறார்கள், நாங்கள் சுக்குக் காப்பி.

இருபத்தைந்து வயதில் நானும் ஒரு முறை நடந்தேன். முப்பது கிலோமீட்டர்தானே என்று ரப்பர் செருப்பில் கிளம்பி, பாதி வழியில் கொப்புளம். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் மரத்தடியில் உட்கார வைத்து ஊசி நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டு நீரை வடியவிட்டார். "நூலை உள்ளயே விட்டுடு, தன்னால காயும்" என்றார். மருத்துவர்கள் திட்டுவார்கள், நீங்கள் செய்யாதீர்கள். அன்று சாயங்காலம் மலைப்படி ஏறியபோது ஒவ்வொரு படியும் தெரிந்தது. அப்போதாவது எண்ணியிருக்கலாம்.

9.3.2025, இரவு 8.40

தம்பி 19-ந் தேதி புதன்கிழமை போகிறார். கடைசியாகச் சில்லறை விஷயங்கள்.

முந்தின நாளே வந்து தங்குங்கள். ஓசூரிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், அன்றே வந்து அன்றே ஏறினால் அம்மாவுக்குக் கால் விறைத்துப்போகும். மேலே நாள் முழுக்க அன்னதானம் உண்டு, சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். குரங்குகள் இருக்கின்றன, பாப்பா கையில் பிஸ்கட் பொட்டலம் கொடுக்காதீர்கள். பழத்தை மடியில் மறைத்தாலும் அதுகளுக்குத் தெரியும், இந்த மலையில் பழத்துக்குச் சண்டை புதிது இல்லை.

பஞ்சாமிர்தம் தேவஸ்தானக் கடையில் வாங்குங்கள். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, தமிழ்நாட்டில் கோயில் பிரசாதத்துக்கு அதுதான் முதல். மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய். தண்ணீர் சேர்ப்பதில்லை. அலுவலகத்துக்கு என்று நாலு டப்பா கணக்குப் போட்டால் ஆறு வாங்குங்கள், ரெண்டு வழியிலேயே காலியாகும்.

21.3.2025, இரவு 9.15

தம்பி எழுதியதை அப்படியே போடுகிறேன்.

"அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரி அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், நடக்கிறேன் என்றார். மூன்றரைக்கு யானைப்பாதையில் ஆரம்பித்தோம். பதினேழு இடத்தில் உட்கார்ந்தார், பாப்பா எண்ணினாள், அவளுக்குப் பத்துக்கு மேல் தெரியாது, அதனால் நான் எண்ணினேன். ஒன்றேகால் மணி நேரம். ராஜ அலங்காரம் பார்த்தோம். இறங்கும்போது வின்ச்சில் அரை மணி நேரம்தான் நின்றோம். போனெல்லாம் அறையிலேயே வைத்துவிட்டோம். தங்கத் தேரைப் பார்க்காமல் பாப்பா என் தோளில் தூங்கிவிட்டாள். மனைவி மட்டும் படியில் இறங்கினாள், 702 படி என்கிறாள்."

21.3.2025, இரவு 9.50

பதினேழு இடம். நல்லது.

702 இருக்காது. வழியில் இருக்கும் இடும்பன் சந்நிதி வாசல் படியையும் சேர்த்து எண்ணியிருப்பார்.

6.4.2025, மாலை 7.30

இன்று பையனோடு போனேன், எண்ணிவிடுவது என்று. ஞாயிறு, உத்திரத்துக்கு ஐந்தே நாள், தீர்த்தக்காவடிக் கூட்டம், நான் மற்றவர்களுக்குச் சொன்னதை நானே கேட்கவில்லை. பையன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், சத்தம் போடாமல் எண்ணினோம். இடும்பன் சந்நிதிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, "சாமி, அடுத்த திருப்பம் வரைக்கும்" என்றார். ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுவார். வின்ச்சில் போகலாமே அம்மா என்றேன். "அங்க நிக்க முடியாதுப்பா" என்றார். அடுத்த திருப்பம் போய், அதற்கடுத்ததும் போய், மேலே கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் பார்த்தேன், எண்ணிக்கை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை.

பையன் 691 என்கிறான்.